அந்தோணி என்ற பெயர்: ரோமானியக் குலப்பெயர் முத்துக்குளித்துறைக்கு வந்த வழி

கேட்கப்பட்ட கேள்வி இது: பாட்டனார் அந்தோணிமுத்துவின் நினைவாகப் பிறந்த குழந்தைக்கு அந்தோணி என்று பெயர் வைக்க விரும்புகிறார்கள். ஒரு பெயர்ப் பட்டியல் அதற்கு 'மலர்' என்று பொருள் தருகிறது. இன்னொன்று 'விலைமதிப்பற்றவர்' என்கிறது. உறவினர் ஒருவரோ அது கிளியோபாத்ராவோடு வாழ்ந்த ரோமானியத் தளபதியின் பெயர் என்று சொல்லித் தயங்குகிறார். இவற்றில் எது உண்மை, பிறப்புச் சான்றிதழில் அந்தோணி, அந்தோனி, ஆண்டனி என்பவற்றில் எதை எழுதுவது என்பதே பெற்றோரின் ஐயம்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலர் என்பதும் விலைமதிப்பற்றவர் என்பதும் பிற்காலத்தில் ஒட்டவைக்கப்பட்ட விளக்கங்கள். மூலப் பெயரான 'அந்தோனியஸ்' இலத்தீனில் எந்தப் பெயர்ச்சொல்லிலிருந்தும் வினைச்சொல்லிலிருந்தும் பிறந்ததாகக் காட்ட முடியாது. அது ரோம் நகரத்துக் குலம் ஒன்றின் பெயர். ரோமுக்கு வடக்கே, ரோமானியர்களுக்கு முன்பே நகரங்களைக் கட்டி வாழ்ந்த எத்ருஸ்கர்களின் மொழியிலிருந்து அது வந்திருக்கலாம் என்று பெயராய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எத்ருஸ்க மொழியில் நமக்குப் பொருள் புரிந்த சொற்கள் மிகச் சிலவே ஆதலால், அந்த வழியிலும் அகராதிப் பொருள் ஒன்றை எடுத்துத் தர இயலாது. ஒரு பெயருக்கு அகராதிப் பொருள் தொலைந்துபோனது குறையன்று. ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக அதைச் சுமந்தவர்களின் வரலாறு அதற்கு இருக்கிறது, அந்த வரலாறு தெளிவாகவே கிடைக்கிறது.

ரோமானியர்கள் பெயரிட்ட முறையைத் தெரிந்துகொண்டால்தான் மற்றவை விளங்கும். குடியரசுக் காலத்து ரோமானிய ஆணுக்குக் குறைந்தது இரண்டு பெயர்கள் இருந்தன. முதலாவது வீட்டில் அழைக்கும் பெயர். மார்க்கஸ், லூசியஸ், காயஸ் என்று அதற்குப் புழக்கத்தில் இருந்தவை இருபதுக்கும் குறைவு. இரண்டாவது குலப்பெயர், ஜூலியஸ், கிளாடியஸ், கொர்னேலியஸ், அந்தோனியஸ் எல்லாம் இந்த வகை. குலத்தின் கிளையைக் காட்ட மூன்றாவதாக ஒரு பெயரும் பலருக்கு உண்டு. ஆகவே 'மார்க்கஸ் அந்தோனியஸ்' என்றால் 'அந்தோனியர் குலத்து மார்க்கஸ்' என்பதே பொருள். பெண்களுக்குப் பெரும்பாலும் குலப்பெயரின் பெண்பால் வடிவமே பெயராக அமைந்தது. ஒரு வீட்டில் இரண்டு மகள்கள் பிறந்தால் இருவருமே அந்தோனியாதான், மூத்தவள் இளையவள் என்று பிரித்துச் சொல்வார்கள். இன்று நாம் ஒரு தனி மனிதனுக்கு வைக்கும் இந்தப் பெயர் தொடங்கியபோது எந்தத் தனி மனிதனுக்கும் உரியதாக இல்லை.

அந்தக் குலத்தில் பெரும்புகழ் பெற்ற முதல் மனிதர் தளபதி அல்லர், அவருடைய தாத்தா. அவர் பெயரும் மார்க்கஸ் அந்தோனியஸ்தான். கி.மு. 99-இல் கான்சல் என்ற, ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் ரோமின் மிக உயர்ந்த ஆட்சிப் பதவியை வகித்த அவர், தம் காலத்தின் தலைசிறந்த பேச்சாளர்களுள் ஒருவர். கி.மு. 87-இல் உள்நாட்டுப் பூசலில் மாரியஸ் என்ற படைத்தலைவரின் ஆட்கள் அவரைக் கொன்று, அவர் நின்று பேசிய அதே பொதுமேடையில் தலையைப் பார்வைக்கு வைத்தார்கள். அடுத்த தலைமுறையின் பெரும்பேச்சாளரான சிசெரோ இந்தக் கொடுமையைக் குறித்து வருந்தி எழுதினார். அவரே பின்னர் தளபதி மார்க் ஆண்டனியைக் கடுமையாகத் தாக்கிப் பேசியதற்காகக் கி.மு. 43-இல் கொல்லப்பட்டபோது, அவருடைய தலையும் கையும் அதே மேடையில் வைக்கப்பட்டன. அதற்குக் கட்டளையிட்டவர் அந்தப் பழைய பேச்சாளரின் பேரன். ரோமின் கடைசிக் குடியரசு ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்பதற்கு இந்த ஒரு மேடையே சான்று.

இனி உங்கள் உறவினர் சொன்ன தளபதி. கி.மு. 83-இல் பிறந்து, ஜூலியஸ் சீசரின் கீழ்ப் பணியாற்றி, சீசர் கொல்லப்பட்டபின் ரோமின் ஆட்சியைப் பங்கிட்டுக்கொண்ட மூவருள் ஒருவரானவர் அவர். தம் குலம் ஹெர்க்குலிஸின் மகனான அன்டோன் என்பவனிடமிருந்து வந்தது என்ற கதையை அவர் விரும்பி வளர்த்ததாகவும், அதற்கேற்ப இடுப்பில் பெரிய வாளைக் கட்டி, மேலாடையைத் தொடைவரை தூக்கிச் செருகி நடந்ததாகவும் பண்டைய கிரேக்க வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். பெயருக்குப் பொருள் தேடும் ஆசை இன்றைய பெயர்ப் பட்டியல்களோடு தொடங்கவில்லை என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். தம் குலப்பெயரின் மூலம் அந்தக் குலத்தாருக்கே தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஒரு வீரனைக் கற்பித்துக்கொண்டிருக்கத் தேவை நேர்ந்திராது.

கி.மு. 31-இல் ஆக்டியம் கடற்போரில் தோற்று, அடுத்த ஆண்டு எகிப்தில் அவர் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, ரோமின் செனட் சபை எதிரியின் உடைமைகளோடு நிற்காமல் அவருடைய பெயரின் மீதும் கைவைத்தது. அவருடைய சிலைகள் இறக்கப்பட்டன. இனி அந்தோனியர் குலத்தில் யாருக்கும் மார்க்கஸ் என்ற முதற்பெயரைச் சூட்டக்கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. அப்போது கான்சலாக இருந்தவர் கொல்லப்பட்ட சிசெரோவின் மகன். கான்சல்களின் பெயர்களை ஆண்டு வரிசையில் பொறித்த பளிங்குப் பட்டியலின் துண்டுகள் இன்று ரோமில் கப்பிட்டோலின் குன்றின் மேலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் அந்தோனியர்களின் பெயர் உளியால் அழிக்கப்பட்டு, பின்னர் அதே இடத்தில் மீண்டும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

அழிக்க நினைத்த பெயர் அரச குடும்பத்துக்குள்ளேயே தங்கியதுதான் வியப்பு. தளபதிக்கும், அவரை வென்று ரோமின் முதல் பேரரசரான அகஸ்டஸின் உடன்பிறந்தாள் ஒக்டேவியாவுக்கும் பிறந்த இரண்டு அந்தோனியாக்களின் வழியாக, அகஸ்டஸுக்குப் பின் வந்த பேரரசர்களுள் மூவர் தளபதியின் இரத்தம். கிளாடியஸ் அவருடைய மகள் வயிற்றுப் பேரன். கலிகுலாவும் நீரோவும் கொள்ளுப்பேரர்கள். ஆயினும் பெயர் உலகெங்கும் பரவியதற்கு இந்த அரச உறவு காரணமில்லை. காரணம் மிகவும் எளிய மனிதர்கள்.

ரோமானிய வழக்கப்படி, விடுதலை பெற்ற அடிமை தன் முன்னாள் உடைமையாளரின் குலப்பெயரை ஏற்றான். குடியுரிமை பெற்ற அயலான் அதைப் பெற்றுத் தந்தவரின் குலப்பெயரை ஏற்றான். அந்தோனியர் குலத்துக்கு அடிமைகள் ஏராளம். கிழக்கு மாகாணங்களை ஆண்ட காலத்தில் தளபதி குடியுரிமை வழங்கிய குடும்பங்களும் பல. இவ்வாறு கிரேக்கமும் சிரியமும் எகிப்தியமும் பேசிய எத்தனையோ பேர் அந்தோனியஸ் ஆனார்கள். இளைய அந்தோனியாவிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்றுக் கிளாடியஸின் கருவூலத்தை நிர்வகித்தவர் பல்லாஸ் என்ற மார்க்கஸ் அந்தோனியஸ் பல்லாஸ். யூதேயாவில் பவுலைச் சிறையில் வைத்து விசாரித்ததாகத் திருத்தூதர் பணிகள் நூல் சொல்லும் ஆளுநர் பெலிக்ஸ் இந்தப் பல்லாஸின் உடன்பிறந்தவர். அவரை 'அந்தோனியஸ் பெலிக்ஸ்' என்றே வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் குறிப்பிடுகிறார். அதே எருசலேமில் கோவிலை அடுத்திருந்த கோட்டைக்கு, தளபதியின் தயவால் அரசரான ஏரோது 'அந்தோனியா' என்று பெயரிட்டிருந்தார். இரண்டாம் நூற்றாண்டில் ஸ்மிர்னா நகரில் கொடிகட்டிப் பறந்த கிரேக்கப் பேச்சாளர் போலெமோனின் முழுப்பெயர் மார்க்கஸ் அந்தோனியஸ் போலெமோன். செனட் சபை தடை செய்த சேர்க்கையையே வெளியூரில் ஒருவர் இயல்பாகச் சூடியிருந்தார்.

இந்தப் பெயரின் கிளை வடிவமான அந்தோனினஸ் தனியொரு பாதையில் சென்றது. கி.பி. 138 முதல் 161 வரை அமைதியாக ஆண்ட அந்தோனினஸ் பயஸுக்கு அது தாய்வழித் தாத்தாவிடமிருந்து வந்த பெயர். அவருக்குப் பின் வந்த மார்க்கஸ் அவுரேலியஸும் அதைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார். கி.பி. 166-இல் தாச்சின் என்ற மேற்கு நாட்டின் அரசர் 'அந்துன்' அனுப்பிய தூதர்கள் தந்தமும் காண்டாமிருகக் கொம்பும் ஆமை ஓடும் கொண்டு கடல்வழியாக வந்ததாகச் சீனத்தின் பிற்கால ஹான் வரலாறு பதிவு செய்கிறது. அந்துன் என்பது அந்தோனினஸ் என்பதன் சீன ஒலிப்பு. வந்தவர்கள் உண்மையில் தூதர்களா, தூதர் என்று சொல்லிக்கொண்ட வணிகர்களா என்று அறிஞர்கள் விவாதிப்பதுண்டு. அவர்கள் கொண்டுவந்தவை இந்தியப் பெருங்கடல் துறைகளில் கிடைக்கும் பண்டங்களாக இருப்பதைப் பார்க்கும்போது, வணிகர்கள் என்ற கருத்தே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கி.பி. 212-இல் பேரரசின் சுதந்திர மக்கள் அனைவருக்கும் குடியுரிமை கிடைத்த பிறகு, மூன்று பெயர் வைக்கும் பழைய முறை தளர்ந்து குலப்பெயர்கள் தனிப்பெயர்களாக நிற்கத் தொடங்கின. அப்படி ஒற்றைப் பெயராக அதைத் தாங்கிய ஓர் எகிப்தியர்தான் இந்தப் பெயரின் வரலாற்றைத் திருப்பிவிட்டார். ஏறத்தாழ 251-இல் நைல் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வசதியான கிறிஸ்தவ உழவர் குடும்பத்தில் பிறந்த அவர், பெற்றோர் இறந்தபின் ஒருநாள் கோவிலில் 'உனக்குள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு' என்ற நற்செய்தி வாசகத்தைக் கேட்டு, முந்நூறு அரூரா நன்செய் நிலத்தை, அதாவது இருநூறு ஏக்கர் அளவிலான சொத்தை, ஊராருக்குக் கொடுத்துவிட்டு, தங்கையை நம்பகமான பெண் துறவியரிடம் ஒப்படைத்துத் துறவு பூண்டார். முதலில் ஊர் எல்லை, பிறகு கல்லறைகள், பிறகு பாழடைந்த கோட்டை, கடைசியில் செங்கடலுக்கு அருகே மலை என்று மேலும் மேலும் தனிமைக்குள் சென்ற அவரைத் தேடி மக்கள் பாலைவனத்துக்கே வந்தார்கள். 356-இல் நூறு வயது கடந்து மறைந்தார். இலத்தீன் குலப்பெயரைத் தாங்கிய இவருக்கு இலத்தீனும் தெரியாது, கிரேக்கமும் தெரியாது. தாய்மொழியான கோப்திக்கில் மட்டுமே பேசினார், கிரேக்கர்கள் வந்தால் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். தமிழ்க் கத்தோலிக்கர்கள் 'வனத்து அந்தோணியார்' என்று வணங்குபவர் இவரே.

அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் இவருடைய வரலாற்றைக் கிரேக்கத்தில் எழுத, சில ஆண்டுகளிலேயே அது இலத்தீனில் பெயர்க்கப்பட்டு மேற்கெங்கும் படிக்கப்பட்டது. மிலான் நகரில் ஒரு நண்பர் வாயிலாக அந்த வரலாற்றைக் கேட்டதுதான் தம் மனமாற்றத்தைத் தூண்டியவற்றுள் ஒன்று என்று அகுஸ்தீனார் எழுதியிருக்கிறார். பெயர் மேற்கு நோக்கிப் போய்ச் சேர்ந்தது இந்த நூலின் மூலம்தான். 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் தோஃபினே பகுதியில் அவருடைய பெயரில் மருத்துவப் பணிக்கென்றே ஒரு சபை தோன்றியது. கம்பு போன்ற ரை தானியத்தில் படரும் ஒருவகைப் பூஞ்சையை உண்டவர்களுக்குக் கைகால்கள் நெருப்பாய் எரிந்து, பின் கறுத்து அழுகி உதிரும் நோய் அக்காலத்தில் ஊர் ஊராகப் பரவியது. அதை 'அந்தோணியார் தீ' என்று அழைத்தார்கள்; அந்தச் சபையார் நோயாளிகளைத் தங்கவைத்து நல்ல உணவு கொடுத்துப் பேணினார்கள். கொல்மார் நகர அருங்காட்சியகத்தில் உள்ள இசன்ஹைம் பீடச் சித்திரம் அத்தகைய மருத்துவமனை ஒன்றுக்காக 1512-க்கும் 1516-க்கும் இடையே தீட்டப்பட்டது. கொப்புளங்கள் நிறைந்த உடலோடு ஒரு நோயாளி அதன் மூலையில் கிடக்கிறார். இன்று இத்தாலியர்கள் அதே பெயரால் அக்கி நோயைக் குறிக்கிறார்கள். இந்தச் சபையார் வளர்த்த பன்றிகள் கழுத்தில் மணியோடு தெருக்களில் உரிமையோடு திரிந்தன; வனத்து அந்தோணியார் சுரூபத்தின் காலடியில் ஒரு பன்றி நிற்பதைப் பார்த்து வியப்பவர்களுக்கு விளக்கம் இதுவே. கால்நடைகளுக்கும் அவரே காவலர். அவருடைய திருவிழாவான ஜனவரி 17-இல் ரோமில் விலங்குகளை மந்திரிக்கிறார்கள். பொங்கலை ஒட்டி வரும் அதே நாளில் தமிழகக் கத்தோலிக்க ஊர்களில் மாடுகளைக் குளிப்பாட்டிக் கோவில் முற்றத்துக்கு ஓட்டி வந்து தீர்த்தம் தெளிக்கிறார்கள். திண்டுக்கல் வட்டாரத்தில் அந்தோணியார் திருவிழாவையொட்டி ஜல்லிக்கட்டு நடக்கும் ஊர்களும் உண்டு.

உங்கள் பாட்டனாருக்குப் பெயர் வந்தது பெரும்பாலும் இன்னொரு அந்தோணியாரிடமிருந்து. அவர் பிறப்பால் அந்தோணியே இல்லை. 1195-இல் லிஸ்பனில் பிறந்த அவருக்குத் திருமுழுக்கில் இட்ட பெயர் பெர்னாந்து. அகுஸ்தீன் சபையில் சேர்ந்து கொயிம்பிரா நகரில் படித்துக்கொண்டிருந்தபோது, மொராக்கோவில் 1220-இல் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் அந்நகருக்குக் கொண்டுவரப்பட்டன. அதைக் கண்டு நெகிழ்ந்தவர், ஊருக்கு வெளியே ஒலிவத் தோப்பில் இருந்த சிறிய பிரான்சிஸ்கன் மடத்தில் சேர்ந்தார். அந்த மடம் எகிப்திய அந்தோணியாரின் பெயரில் இருந்தது. ஆகவே தமக்கும் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். இத்தாலியில் பேரறிஞராகவும் மக்கள் திரண்டு கேட்கும் மறையுரையாளராகவும் விளங்கி, 1231 ஜூன் 13-இல் பதுவை நகருக்கு அருகே முப்பத்தாறாம் வயதில் இறந்தார். ஓராண்டு முடிவதற்குள், 1232 மே 30-இல், திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அவரை அடக்கம் செய்த நாள் செவ்வாய்க்கிழமை. நம்மூர் அந்தோணியார் கோவில்களில் செவ்வாய்தோறும் நவநாள் வழிபாடு நடப்பது அதனால்தான்.

சுரூபத்தைப் பார்த்து இருவரையும் பிரித்தறிவது எளிது. நரைத்த தாடி, ஊன்றுகோல், காலடியில் பன்றி என்றால் வனத்து அந்தோணியார். பழுப்பு அங்கி அணிந்த இளம் துறவி கையில் குழந்தை இயேசுவோடும் லீலி மலரோடும் நின்றால் பதுவை அந்தோணியார். அந்த லீலி தூய்மையின் அடையாளம். பெயருக்கு மலர் என்ற பொருள் சொல்பவர்கள் இந்தச் சுரூபத்தைச் சான்று காட்ட முடியாது.

மலர் என்ற பொருள் வந்த கதையை இங்கே சொல்லலாம். கிரேக்கத்தில் 'அந்தோஸ்' என்றால் மலர். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் கிரேக்கக் கல்வி செழித்த இங்கிலாந்தில், அந்தச் சொல்லிலிருந்துதான் இந்தப் பெயர் வந்திருக்க வேண்டும் என்று தவறாக நினைத்து, பழைய எழுத்துமுறையில் இல்லாத 'எச்' என்ற எழுத்தை 'டி'யை அடுத்துச் சேர்த்து எழுதும் வழக்கம் பரவியது. பிரிட்டனில் எழுத்து மாறியும் ஒலிப்பு பெரும்பாலும் 'ஆன்டனி' என்றே நின்றது. அமெரிக்காவில் எழுத்தைப் பார்த்து ஒலிப்பையும் பலர் மாற்றிக்கொண்டார்கள். பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம், போர்த்துகீசியம் ஆகிய இலத்தீனின் நேர்வழி மொழிகளுள் எதிலும் இந்த எழுத்து இல்லை என்பதே அது பின்னால் நுழைந்தது என்பதற்குப் போதிய சான்று. இதற்கும் முன்பு, பின்னாளில் ஜெனோவாவின் பேராயரான ஜேக்கபஸ் தெ வொராஜினே 13-ஆம் நூற்றாண்டில் தொகுத்த புனிதர் வரலாறுகளில், 'மேலே' என்னும் கிரேக்கச் சொல்லையும் 'பற்றியிருப்பவர்' என்னும் இலத்தீன் சொல்லையும் சேர்த்து, மேலுலகைப் பற்றிக்கொண்டு உலகப் பொருளைத் துறந்தவர் என்று பொருள் சொன்னார். அது மொழியியலாகாது, பக்தி விளக்கம். ஆனால் எகிப்தியத் துறவியின் வாழ்க்கைக்கு அழகாகப் பொருந்துகிறது. விலைமதிப்பற்றவர் என்ற விளக்கத்துக்கோ இலத்தீனில் எந்த ஆதாரமும் இல்லை.

இரண்டு புனிதர்களின் புகழால் இந்தப் பெயர் ஐரோப்பா முழுவதும் வேரூன்றியது. பிரெஞ்சில் அந்துவான், இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் அந்தோனியோ, ஜெர்மனிலும் ரஷ்யத்திலும் அன்டோன், ஹங்கேரியில் அன்டல், லிதுவேனியாவில் அன்டனாஸ், எஸ்டோனியாவில் தலையெழுத்தையே உதிர்த்துவிட்டு தோனு. செக் மொழியின் அந்தோனின் மட்டும் பேரரசரின் கிளை வடிவத்திலிருந்து வந்தது. இசைமேதை துவோர்ஷாக்கின் பெயர் அது. எழுத்தாளர் அன்டோன் செகாவ் 1860-இல் பிறந்தது ரஷ்யாவின் பழைய நாட்காட்டிப்படி ஜனவரி 17, அதாவது எகிப்திய அந்தோணியாரின் திருநாள். பெயர் நாளோடு வந்தது. பெண்பால் வடிவத்தில் நாம் நன்கறிந்தவர், வியன்னாவில் மரியா அந்தோனியாவாகப் பிறந்து பிரான்சில் மரி அந்துவானெத் ஆன அரசி. 1691 ஜூன் 13-இல் ஸ்பானியப் பயணக் குழு ஒன்று டெக்சாஸில் ஓர் ஆற்றங்கரையை அடைந்து, அன்றைய புனிதரின் பெயரை அதற்கு வைத்தது. சான் அந்தோனியோ நகரத்தின் பெயர் அங்கிருந்து வந்தது.

தமிழ்க் கரைக்கு இந்தப் பெயரைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர்கள். பதுவை அந்தோணியார் அவர்களுடைய சொந்த மண்ணின் புனிதர், லிஸ்பனின் பிள்ளை, கடலோடிகளின் துணை. 1535-இலிருந்து 1537-க்குள் முத்துக்குளித்துறையின் பரதவர்கள் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றபோதும், 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்த பிறகும், அதே நூற்றாண்டின் நடுவில் அந்தோணியாரின் சபையினரான பிரான்சிஸ்கன் துறவிகள் இலங்கையில் பணியாற்றியபோதும், ஞானஸ்நானப் பெயர்களாகப் போர்த்துகீசியப் புனிதர் பெயர்களே வழங்கப்பட்டன. தூத்துக்குடிக் கடற்கரையிலும் இலங்கையின் மேற்குக் கரையிலும் 'அந்தோணி பர்னாந்து' என்று பெயர் கொண்டவர்களை நீங்கள் எளிதாகக் காணலாம். பர்னாந்து என்பது போர்த்துகீசியர் வழியாக வந்த குடும்பப் பெயர், புனிதரைக் கருதி வைத்ததன்று. ஆயினும் லிஸ்பனில் அந்தப் புனிதர் பெற்றுப் பின்னர் விட்டுவிட்ட பெயரும், அதற்குப் பதிலாக எடுத்துக்கொண்ட பெயரும் நம் கடற்கரையில் ஒரே மனிதரிடம் சேர்ந்து நிற்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

வந்த பெயரைத் தமிழர்கள் அப்படியே வைத்திருக்கவில்லை. அந்தோணிமுத்து, அந்தோணிசாமி, அந்தோணிப்பிள்ளை, அந்தோணிக்கண்ணு, அந்தோணியம்மாள், அந்தோணித்தாய், மரியஅந்தோணி என்று தமிழ்ப் பெயரிடும் முறைக்குள் அதை இழுத்துக்கொண்டார்கள். முத்தும் சாமியும் கண்ணும் மற்றப் பெயர்களோடு எப்படிச் சேருமோ அப்படியே இதனோடும் சேர்ந்தன. யாழ்ப்பாணத்தில் பிறந்து சென்னையின் தொழிலாளர் இயக்கத்தை நடத்திய எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளையின் பெயரை அறிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உவரியில் புனிதரைக் 'கோடி அற்புதர்' என்று அழைக்கிறார்கள். புளியம்பட்டிக்கும் கொழும்பு கொச்சிக்கடைக்கும் பிற சமயத்தவரும் நேர்ச்சையோடு வருகிறார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று குண்டுவெடிப்புக்கு உள்ளான கொச்சிக்கடைக் கோவில், இரண்டு மாதங்களுக்குள் திறக்கப்பட்டு மீண்டும் அந்த மக்களால் நிறைந்தது. கச்சத்தீவில் ஆள் குடியில்லாவிட்டாலும் அந்தோணியார் கோவில் இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை பிப்ரவரியிலோ மார்ச்சிலோ நடக்கும் திருவிழாவுக்கு இராமேசுவரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் படகுகள் போகின்றன.

இனி எழுத்து பற்றி. அந்தோணி, ஆண்டனி என்ற இரு வடிவங்களும் ஒரே பெயர் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கப்பலில் வந்திறங்கியதைக் காட்டுகின்றன. போர்த்துகீசியத்தின் 't' ஒலியும் 'd' ஒலியும் நாக்கு பல்லைத் தொட்டு எழுபவை. அதனால் அவர்களிடமிருந்து பெற்ற சொற்களில் தமிழ்க் காது த, ந்த என்ற ஒலிகளைக் கேட்டது. பாதிரி, கிராதி, பர்னாந்து, அந்தோணி எல்லாம் அந்த வரிசை. ஆங்கில 't' மேலண்ணத்துக்கு நெருக்கமாக ஒலிப்பதால் டாக்டர், டிக்கெட், ஆண்டனி என்று ட வந்தது. ஆகவே அந்தோணி என்பது 16-ஆம் நூற்றாண்டு வடிவம், ஆண்டனி என்பது பிரிட்டிஷ் ஆட்சிக்கால வடிவம். இரண்டும் சரியானவையே, ஆனால் பாட்டனாரின் நினைவுக்காக வைப்பதானால், அவர் தாங்கிய பழைய வடிவமே பொருத்தம் என்பது என் கருத்து. ண, ன வேறுபாட்டில் எது சரி என்ற வழக்குக்கு இடமில்லை. மூலத்தில் இருப்பது 'ன'வுக்கு நெருங்கிய ஒலிதான் என்பதால் அண்மைக் காலத் திருவழிபாட்டு நூல்களில் அந்தோனியார் என்ற எழுத்து கூடுதலாகத் தென்படுகிறது. ஊர்ப் பேச்சிலும் பழைய பதிவேடுகளிலும் அந்தோணிதான். குடும்பத்தின் பழைய ஞானஸ்நானச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே தொடர்வது பிற்காலத்தில் ஆவணச் சிக்கல்களையும் தவிர்க்கும்.

ஆங்கில எழுத்தில் எழுதும்போது, 'எச்' சேர்த்த வடிவத்தைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் அது தவறான சொற்பிறப்பால் நுழைந்த எழுத்து; தமிழ்நாட்டிலும் இலங்கையிலுமோ 'டி'யோடு 'எச்' சேர்ந்தால் த என்று படிப்பதே வழக்கம். எனவே அங்கே ஒலிப்போடு ஒட்டாத எழுத்து, இங்கே அந்தோணி என்ற உச்சரிப்பைச் சரியாகக் காட்டிவிடுகிறது.

பெயர்நாளை எப்போது கொண்டாடுவது என்பதையும் நீங்கள் தீர்மானிக்க வேண்டியிருக்கும். பாட்டனாரின் ஊர்க்கோவில் சுரூபத்தில் குழந்தை இயேசு இருந்தால் ஜூன் 13, பன்றி இருந்தால் ஜனவரி 17.